மேடைக்கு அடியில் ஒன்பது சாடிகள்

ஒலிபெருக்கி பொருத்தத்தான் என்னை வரச்சொன்னார்கள்.
பதினாறு பெட்டி, ஒரு லாரி வயர்,
பாதிக் கூலி முன்பணம்.
யாங்ஜோவில் உப்பு வணிகர்கள் கட்டிய மண்டபம்.
அவர்களுக்குப் பின் தானியக் கிடங்கு,
அதற்கும் பின் ஃபிளாஸ்க் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடம்.
தூணில் தங்கப்பூச்சு இருக்குமென்று சுரண்டிப் பார்த்தேன்.
நகக்கண்ணில் எண்ணெய்ப்புகை.

முதல் ஒத்திகை.
டுவான் யின்சியூ வாய் திறந்தாள்.
குரல் மூன்றாம் வரிசை வரை நடந்து வந்து
காலியாயிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.
புல்லாங்குழல்காரர் லாவ் ஹெபிங்
குழலை உதறினார், குற்றம் அதனுடையது போல.

கன்னத்தில் ஒட்டும் மைக் இருக்கிறது என்றேன்,
அரிசிமணி அளவுதான், தெரியாது.
தரையைத் தொடும் வெள்ளைக் கைந்நுனியை
மடித்து மடித்து மணிக்கட்டில் ஏற்றியபடி
"அது என்னைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும்.
நான் நிற்பது அக்கரை" என்றாள்.

அக்கரை என்றால்,
மேடையில் இருப்பது ஒரே ஒரு துடுப்பு.
படகு இல்லை. தண்ணீரும் இல்லை.
முழங்கால் லேசாக மடங்கி நிமிர்கையில்
ஆறு ஓடுவதாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.
எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வரிசையிலிருந்து.

உளுத்த பலகையை மாற்றப்போன தச்சர் பூ தாகுய்
குழிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார்.
கீழே சாடிகள். மனிதன் ஒளியலாம் அவ்வளவு பெரியவை,
வாயைச் சற்றே சாய்த்து
மேடையை அண்ணாந்து பார்த்தபடி.
பாட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்க
யாரோ கணக்குப் பார்த்துப் புதைத்தவை.

எல்லாம் நிரம்பியிருந்தன.
நிலக்கரிச் சாம்பல். பீர் மூடிகள்.
உடைந்த ஃபிளாஸ்க்கின் வெள்ளிச் சில்லுகள், சாடி கொள்ளாமல்.
சாப்பாட்டு டோக்கன் கட்டுகள், யாரும் சாப்பிடாத மதியங்கள்.
ஒன்பதாவதில்
கல்லை ஏற்றி அமுக்கிய கடுகுக்கீரை.
மூடியைத் தூக்கியதும் பூ தாகுய் ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டார்.

நான்கு நாள் வாரினோம்.
ஐந்தாம் நாள் நடுமேடையில் நின்று ஒரு தரம் கைதட்டினேன்.
பின்சுவர் வரை போய்
அவசரமில்லாமல் திரும்பி வந்தது.
என் மீட்டரை நான் நம்பவில்லை; இன்னொரு தரம் தட்டினேன்.

யின்சியூ பாடினாள்.
தண்ணீர் விட்டு அரைத்த மாவு என்றுதான்
இந்தப் பாணிக்கே பெயர்.
ஒரு சொல்லைப் பிடித்து, நீட்டி, கல்லடியில் விட்டு,
திப்பி இல்லாமல் வழித்தெடுக்க
அரை நிமிடம் ஆனது.
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
என் கால் நனைந்தது என்று சொல்ல வெட்கம்;
ஆனால் காலை மேலே தூக்கிக்கொண்டேன்.

திறப்புக்கு முதல்நாள்
ஹௌ மெய்ஜுவான் மூன்று சக்கர வண்டியோடு வந்தாள்.
தொழிற்சாலைச் சமையல்காரி, ஓய்வுபெற்று ஆறு வருடம்.
"இங்கே இருந்தது எட்டுச் சாடி.
ஒன்பதாவது என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.
ஊறுகாயைக் கொட்டியது யார்?"

சங்கச் செயலாளர் வரலாறு பேசினார்.
அவள் சாடியின் அடியைக் காட்டினாள்:
ஹௌ என்ற எழுத்து, சுடுமுன் ஆணியால் கீறியது.
குழலெடுத்து ஊதிப் பார்த்தார் ஹெபிங்:
அந்த ஒன்று மட்டும் அரைச்சுரம் கீழே ஒலித்தது.
எடுத்துவிடலாம் என்றார். யின்சியூ வேண்டாம் என்றாள்.

கடைசியில் ஒரு தாள் எழுதினார்கள்.
இந்தப் பருவம் முடியும்வரை இரவல்.
விரிசல் விட்டால் புதுச்சாடி.
சிவப்பு மையில் மூன்று கட்டைவிரல்.

இருநூற்று நாற்பது நாற்காலி. வந்தது எழுபத்தொன்று.
மெய்ஜுவான் இடதுகோடியில், தன் சாடிக்கு நேர் மேலே,
சூரியகாந்தி விதையைக் கொறிக்காமல் கையில் வைத்துக்கொண்டு.
அக்கரைப் பெண் துடுப்பைக் கீழே வைக்கும் இடத்தில்
ஒரு தாழ்ந்த சுரம், லேசான கமறலோடு,
எல்லாவற்றுக்கும் ஒரு கணம் பிந்தி எழும்பியது.
"அதுதான்" என்றாள் பக்கத்திலிருந்தவனிடம், சத்தமாக.
யாரோ உஸ் என்றார்கள்.

என் ரசீதில் இப்படி எழுதினேன்:
பொருத்திய பெட்டிகள், இல்லை.
சாம்பல் வாரிய கூலி, நான்கு நாள்.
செயலாளர் இன்னும் கையெழுத்திடவில்லை.
மெய்ஜுவான் தினமும் வருகிறாள்.
பருவம் எந்தத் தேதியில் முடிகிறதென்று
இப்போதெல்லாம் கேட்பதில்லை.
கீரைக்கு வேறு சாடி வாங்கிவிட்டாளாம்,
பிளாஸ்டிக்.